நிலைக்கு வராத சுவர்

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைகிற காற்று அங்கே நெருக்கடியில் மூச்சுமுட்டிப்போய், வெளியே வந்ததும் முதல் மூச்சை விடுகிற இடம் பாறையடி என்பார்கள். ஆனி, ஆடி இரண்டு மாதமும் அந்த ஊரில் குடியிருந்து பார்த்தவர்களுக்கு இதில் சந்தேகமே வராது, ஏனென்றால் அந்த நாட்களில் அங்கே துவைத்த துணி கல்லைக் கட்டிக்கொண்டுதான் காயும், சைக்கிளில் கிழக்கே போகிறவன் மிதிக்காமலே போவான், மேற்கே போகிறவன் இறங்கித் தள்ளிக்கொண்டு போவான், வாசலில் நின்று பேசுகிற இரண்டு பெண்களில் ஒருத்தி சொன்னது இன்னொருத்தி காதில் விழாமல் மூன்றாவது வீட்டுக்காரி காதில் போய் விழுந்து, அதனால் வருகிற சண்டைகளுக்கும் குறைவிருக்காது. காற்றோடு மல்லுக்கட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அந்த ஊர்க்காரர்கள் எப்போதோ தெரிந்துகொண்டுவிட்டார்கள். கொஞ்சம் சாய்ந்து நடப்பார்கள், அவ்வளவுதான். சென்னைக்குப் போனாலும் அப்படித்தான் சாய்ந்து நடப்பார்கள்.

அப்படிப்பட்ட ஊரில், நாற்கரச் சாலை ஓரமாக, ஒரு கம்பெனி எட்டு மாடிக் குடியிருப்பு கட்ட வந்தது. செங்கல் செங்கலாக அடுக்குகிற வேலை இல்லை. ஒரு அறையின் ஒரு பக்கச் சுவரை, ஜன்னலுக்கு இடம்விட்டு, முழுசாகத் தரையிலேயே கான்கிரீட்டில் வார்த்து, இறுகியதும் கிரேனில் தூக்கிக்கொண்டு போய் மாடியில் அதற்கென்று விட்டிருக்கும் இடத்தில் நிறுத்திவிடுவார்கள். சுவர் அந்தரத்தில் போகும்போது காற்று அதைப் பாய்மரம் போலப் பிடித்துக்கொள்ளும், ஆட்டும், திருப்பும். அதை அடக்குவதற்காகச் சுவரின் இரண்டு கீழ்மூலைகளிலும் ஒவ்வொரு நீளக் கயிற்றைக் கட்டி, தரையில் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். சுவர் ஏற ஏறக் கயிற்றைக் கொடுப்பதும், அது ஒரு பக்கம் திரும்பப் பார்த்தால் மறுபக்கத்தவர் இழுத்து நேராக்குவதும் அவர்கள் வேலை. பாறையடியில் அந்த இரண்டு பேர் சொரிமுத்துவும் அவன் பெண்டாட்டி பிரமசக்தியும்.

கல்யாணமாகிச் சில வருஷம் ஆகியிருந்தது, பிள்ளை இல்லை. வீட்டிலும் இப்படித்தான் ஆளுக்கொரு மூலையில் நின்று இழுத்துக்கொள்கிறீர்களா என்று சைட்டில் எல்லோரும் கேலி பண்ணுவார்கள். கேலிக்குத்தான். வேலை என்று வந்துவிட்டால் அவன் முகத்தை அவள் பார்க்க வேண்டியதில்லை, அவள் முகத்தை அவன் பார்க்க வேண்டியதில்லை, அவன் ஒரு எட்டுப் பின்னால் வைத்தது அவள் கயிற்றில் தெரியும், அவள் கொஞ்சம் தளர்த்தியது அவன் உள்ளங்கையில் தெரியும், நடுவில் அவ்வளவு பெரிய சுவர் சொன்னபடி கேட்டுக்கொண்டு சாதுவாக மேலே போகும். அவர்கள் இருவரும் ஒருவரோடொருவர் அதிகம் பேசிக்கொண்டது அந்தக் கயிறுகள் வழியாகத்தான் என்று சொன்னால் மிகையில்லை.

கயிறு பிடிக்கிறவர்களுக்கு வேலைக்குச் சேர்ந்த அன்றே ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. லோடு உன்னை இழுத்தால் கயிற்றை விட்டுவிட வேண்டும். கேட்டு எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால் பாறையடி ஆண்களுக்குக் கயிறு என்றால் தேர் வடம். பங்குனித் திருவிழாவில் வடத்தைத் தொட்ட ஆண் அதை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்வான், தேர் நிலைக்கு வருகிறவரை விடமாட்டான், தோல் உரிந்தாலும் விடமாட்டான், நடுவில் விட்டவன் வீட்டில் அந்த வருஷம் விளக்கு நின்று எரியாது என்பது அந்த ஊர் நம்பிக்கை. வடம் பிடிக்கிற வழக்கம் பெண்களுக்கு அங்கே கிடையாது. அதனால் பிரமசக்தியின் கைக்கு விடத் தெரிந்திருந்தது, சொரிமுத்துவின் கைக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஆடி மாதம் ஒரு முற்பகலில், ஐந்தாம் மாடியின் மேற்குச் சுவரைத் தூக்கினார்கள். கிரேன் உச்சியில் காற்றை அளக்கிற கருவி ஒன்று உண்டு, காற்று மிஞ்சினால் அது கத்தும், அன்றைக்கு அது கத்தவில்லை, அதனால் யார் மேலும் பழி சொல்வதற்கில்லை. சுவர் பாதி உயரம் போயிருந்தபோது கணவாய் பக்கமிருந்து ஒரே ஒரு வீச்சு வந்தது. பிரமசக்தியின் கயிறு அவள் கையை எரித்துக்கொண்டு ஓடியது, அவள் விட்டாள். அந்தப் பக்கம் சொரிமுத்து விடவில்லை. அவன் கால்கள் தரையை விட்டுப் போவதை அவள் பார்த்தாள், செருப்பு ஒன்று கழன்று விழுவதைப் பார்த்தாள், அவன் கயிற்றோடு மேலே மேலே போய், எப்படியோ தொற்றி ஏறி, ஜன்னலுக்கென்று விட்டிருந்த ஓட்டையில் போய் உட்கார்ந்துகொள்வதையும் பார்த்தாள். பிழைத்தான் என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள். இனி ஆட்டம் அடங்கியதும் மெதுவாக இறக்கிவிட வேண்டியதுதான் என்று சொல்லிக்கொண்டு சிலர் சாப்பாட்டுத் தூக்கைக்கூடத் திறந்துவிட்டார்கள்.

ஆட்டம் அடங்கவில்லை. அன்றைக்கு அடங்கவில்லை, மறுநாள் அடங்கவில்லை, ஆவணியில் காற்று குறைந்தபோது அடங்கவில்லை, ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தென்னோலைகூட அசையாமல் ஊர் புழுங்கிக் கிடந்த நாட்களிலும் அடங்கவில்லை. சுவர் கட்டிடத்துக்குப் பக்கத்தில் வந்து, இன்னும் ஒரு ஆள் நீளம் இருக்கும்போது நிற்கும், திரும்பும், சாலைக்கு மேலாகப் போய்த் தென்னந்தோப்புக்கு மேலே நிற்கும், மறுபடி வரும். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கிரேனை ஓட்டுகிறவர் வியாகப்பன் என்று கடற்கரைக்காரர், வயசானவர், கை பதறாதவர். ஆடுகிற லோடை அடக்குகிற வித்தை அவர் மாதிரி ஆட்களுக்குத் தெரியும். ஆட்டத்தை எதிர்த்து இழுக்கக் கூடாது, அது போகிற பக்கமே கிரேனையும் நகர்த்தி, அது உச்சத்துக்குப் போய் நிற்கிற நேரம் பார்த்து அதன் தலைக்கு நேர் மேலே போய் நின்றுவிட வேண்டும், அப்போது லோடுக்கு ஆட இடமில்லாமல் போய்விடும். ஆயிரம் லோடுகளை அப்படி அடக்கியவர் இதையும் துரத்திப் பார்த்தார். நேர் மேலே போய் நின்றதும் சுவர் ஒரு கணம் யோசிக்கிற மாதிரி நிற்கும், பிறகு எதுவுமே நடக்காதது போலப் பழையபடி ஆடத் தொடங்கும். கீழே இறக்கிப் பார்த்தார். இறக்க இறக்க ஆட்டம் அகன்றது, சாலையில் போகிற லாரியை அடிக்கப் பார்த்தது, மறுபடி உயர்த்திவிட்டார். தீயணைப்பு வண்டி வந்து ஏணியை நீட்டியது, ஏணியும் சேர்ந்து ஆட ஆரம்பிக்கவே ஏறினவர் வாந்தியெடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். வலையைக் கட்டிக் குதிக்கச் சொன்னார்கள், சொரிமுத்து எழுந்து நின்றால் சுவர் வெறிபிடித்ததுபோல அகல ஆடும், உட்கார்ந்தால் சாந்தமாகிவிடும், அதனால் அவன் உட்கார்ந்தே இருந்தான். ஊர் ஆண்கள் எல்லோரும் சேர்ந்து தொங்குகிற கயிற்றைப் பிடித்துத் தேர் இழுப்பதுபோல இழுத்தார்கள், சுவர் அவர்கள் எல்லோரையும் தென்னந்தோப்பு வரைக்கும் நடத்திக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பவும் கொண்டுவந்து விட்டது. சென்னையிலிருந்து பெரிய இன்ஜினியர்கள் வந்து, கணக்குப் போட்டு, இது தானாக நின்றுவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். விசாரணை முடிகிறவரை கிரேனை அசைக்கக் கூடாது என்று ஓர் உத்தரவும் வந்தது. அது வந்ததில் வியாகப்பனுக்கு உள்ளுக்குள் நிம்மதிதான்.

அதற்குப் பிறகு ஊர் அதைப் பழகிக்கொண்டது. காற்றையே பழகிக்கொண்ட ஊருக்கு ஒரு சுவர் எம்மாத்திரம். எதிரே டீக்கடை வைத்திருந்த கிதியோன் முதலில் பயந்து கடையை மூடப் பார்த்தார், பிறகு சுவரின் நிழல் கடை வாசலைக் கடந்து கடந்து போவதால் வாடிக்கையாளர்களுக்கு மாறி மாறி வெயிலும் நிழலும் கிடைப்பதைக் கண்டு, பெஞ்சுகளை அந்த வாக்கில் திருப்பிப் போட்டார். வெயிலில் ஒரு வாய், நிழலில் ஒரு வாய் என்று டீ குடிக்க அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பஸ் கண்டக்டர்கள் பாறையடி என்று கூவுவதை நிறுத்திவிட்டு ஆட்டச்சுவரு எல்லாம் இறங்கு என்று கூவ ஆரம்பித்தார்கள். விடாமல் அழுகிற கைப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து தாய்மார்கள் அந்த நிழல் போய்வருகிற பாதையில் படுக்கப் போட்டார்கள், பிள்ளைகள் நிழலைக் கண்ணால் தொடர்ந்து பார்த்துப் பார்த்தே உறங்கின. அதைக் கேள்விப்பட்டுத் தூக்கம் வராத பெரியவர்களும் பாயோடு வந்தார்கள்.

தேர்தல் நெருங்கியபோது கட்சிக்காரர்கள் வந்தார்கள். நாட்டில் ஒரு சுவர் வெறுமையாக இருந்தால் அவர்களுக்குப் பொறுக்குமா. ஒரு கட்சி சுவரின் கிழக்கு முகத்தைத் தனக்கென்று சொன்னது, எதிர்க்கட்சி மேற்கு முகத்தைக் கேட்டது, ஏறி எழுத வழியில்லாததால் சொரிமுத்துவுக்கே சுண்ணாம்பும் மட்டையும் அனுப்பி எழுதச் சொன்னார்கள். அவன் கைக்கு எட்டின இடத்தில் இரண்டு பக்கமும் ஏதோ கிறுக்கி வைத்தான். இரண்டு கட்சிக்காரர்களும் அது தங்கள் சின்னம்தான் என்று சந்தோஷமாகப் போனார்கள்.

பிரமசக்தி அந்த ஐந்தாம் மாடி வீட்டில் குடியேறினாள். மேற்குச் சுவர் வந்து சேராததால் அந்த வீடு ஒரு பக்கம் திறந்துகிடந்தது, வேறு யாருக்கும் உபயோகமில்லை என்று கம்பெனி அவளை இருந்துகொள்ளச் சொல்லிவிட்டது. சுவர் கிட்டே வந்து நிற்கிற நேரத்தில் ஒரு துரட்டிக் கம்பின் முனையில் தூக்குவாளியை மாட்டி நீட்டுவாள், அவன் எடுத்துக்கொள்வான், சாப்பிட்டுவிட்டு வேறொரு வருகையில் காலி வாளியை மாட்டிவிடுவான். மற்ற காரியங்களுக்கு என்ன செய்தான் என்று கேட்காத ஆள் கிடையாது, அதற்கும் ஒரு வாளி ஏற்பாடாகியிருந்தது, அதை இங்கே விரிக்க வேண்டியதில்லை.

பேச்சும் அப்படித்தான் நடந்தது. அவன் கிட்டே வரும்போது ஒரு வாக்கியம், போய்விட்டு மறுபடி வரும்போது அதற்குப் பதில். நடுவில் அவன் தென்னந்தோப்புக்கு மேலே போய்வருகிற நேரம் முழுக்க, அவன் என்ன சொல்லப்போகிறானோ என்று அவள் நின்றுகொண்டிருப்பாள். முதல் மாதத்தில் ஒருநாள் தயங்கித் தயங்கி அவள் அதைச் சொன்னாள்.

"நான் கயித்த விட்டுட்டனே."

சுவர் போயிற்று. சாலைக்கு மேலே போயிற்று, தோப்புக்கு மேலே நின்றது, திரும்பி வந்தது.

"நீயும் விடாம இருந்திருந்தா ரெண்டு பேரும்லா இங்க உக்காந்திருப்போம். சோறு யாரு கொண்டாருவா?"

அவள் சிரித்தாள், பிறகு உள்ளே போய் அழுதாள். ஊரில் எல்லோரும் அவள் விட்டதுதான் சரி என்றார்கள். சொல்லிக்கொடுத்தபடி செய்தவள் அவள் ஒருத்திதான் என்று இன்ஜினியர்களும் சொன்னார்கள். அவளும் அதைப் பலமுறை தனக்குச் சொல்லிப் பார்த்தாள். சரியாகச் செய்தவளுக்கு ஏன் நெஞ்சு இப்படிக் கிடந்து அடித்துக்கொள்கிறது என்றுதான் அவளுக்கு விளங்கவில்லை.

தை போய், மாசி போய், பங்குனி வந்தபோது அவளுக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. முதலில் எல்லாம் அவன் கேள்விகளாகக் கேட்பான், கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, கூரையை மாற்றினார்களா, யார் வீட்டில் என்ன விசேஷம் என்று. இப்போது கேள்வி குறைந்தது. ஒரு பேச்சுக்கு இரண்டு மூன்று ஆட்டம் கழித்துப் பதில் வந்தது, சிலசமயம் வரவில்லை. அந்த வருஷம் தேர் ஓடியபோது கீழே ஊரே திரண்டு நின்று கூப்பிட்டும் அவன் குனிந்து பார்க்கவில்லை, தூரத்தில் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் வருத்தமே இல்லை. இன்னொரு ஆனிக்காற்று வந்துவிட்டால் அவன் தன் மனுஷன் இல்லை என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

அவள் வியாகப்பனைப் பிடித்துக்கொண்டாள். கம்பெனி கிரேனை அப்படியே விட்டுவிட்டிருந்தாலும் அவருக்குச் சம்பளம் போட்டுக்கொண்டிருந்தது, தினமும் காலையில் ஏறிக் கூண்டில் உட்கார்ந்துவிட்டு மாலையில் இறங்குவார். அவர் ஏறும்போதும் அவள் நிற்பாள், இறங்கும்போதும் நிற்பாள். கிரேனைக் கொஞ்சம் கட்டிடத்துப் பக்கம் நகர்த்தினால் சுவர் தன் இடத்துக்கு வந்து தொடும், தொட்டு நிற்கிற அந்த ஒரு கணத்தில் தான் அவனை உள்ளே இழுத்துக்கொள்வேன் என்பது அவள் சொன்னது. ஒரு சாண் கூடிப்போனால் சுவர் கட்டிடத்தில் மோதி அவனை நசுக்கிவிடும் என்பது அவர் சொன்னது. உத்தரவு இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தார், வயசாகிவிட்டது என்று சொல்லிப் பார்த்தார், மாதாவுக்கு நேர்ந்துகொள்ளச் சொன்னார். அவள் நேர்ந்தும் கொண்டாள், மறுநாளும் வந்து நின்றாள். கடைசியில் ஒருநாள் அவர் ஏணியடியில் உட்கார்ந்துவிட்டார்.

"தாயி, நான் இத்தன வருசத்துல ஒருத்தர் மேலயும் ஒரு செங்கல்லக்கூட போட்டதில்ல. என் கையால அவன நசுக்கிட்டா நான் எங்க போயி நிப்பேன்?"

"அண்ணாச்சி, அவிய கொஞ்சங்கொஞ்சமா போயிக்கிட்டு இருக்காவ. நீங்க நசுக்காட்டாலும் போயிருவாவ. என் கண்ணு முன்னால போறாவ அண்ணாச்சி."

அவர் தன் கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து ஏறினார்.

அன்றைக்குக் காற்று இல்லை. வியாகப்பன் கிரேனின் நீளக் கையில் ஓடுகிற கொக்கி வண்டியை நகர்த்தினார் என்று சொல்ல முடியாது, நகர்த்தலாமா என்று அதனிடம் கேட்டுக்கேட்டு விட்டார், அவ்வளவு மெல்ல. ஒவ்வொரு வரவுக்கும் சுவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்தது. கை நீளத்துக்கு வந்தது, முழ நீளத்துக்கு வந்தது, சாண் நீளத்துக்கு வந்தது. அடுத்த முறை வந்து தன் இடத்தில் கதவு சாத்துவதுபோலச் சத்தமில்லாமல் பொருந்தியது. அந்த வீட்டுக்கு அப்போதுதான் முதல்முறையாக நாலு சுவரும் இருந்தது. பிரமசக்தி ஜன்னலில் உட்கார்ந்திருந்தவனை இரண்டு கைகளாலும் கட்டி இழுத்தாள், இருவரும் தரையில் விழுந்தார்கள், சுவர் வெறும் ஜன்னலோடு திரும்பிப் போனது.

ஊரில் வெடி போட்டார்கள். கிதியோன் அன்றைக்கு முழுக்க டீயைச் சும்மா கொடுத்தார். மாலையோடு வந்தவர்கள் சொரிமுத்துவை எழுப்பி நிறுத்தினார்கள், அவன் விழுந்தான், மறுபடி நிறுத்தினார்கள், மறுபடி விழுந்தான். தரை ஆடவில்லை, அதுதான் அவனுக்குத் தொந்தரவு. அசையாமல் கிடக்கிற தரை அவன் காலடியில் சரிந்து சரிந்து போயிற்று. குடித்த தண்ணீர் நிற்கவில்லை, கண்ணை மூடினால் தலை சுற்றியது, திறந்தாலும் சுற்றியது. நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் காதுக்குள் லைட் அடித்துப் பார்த்து, எல்லாம் நன்றாக இருக்கிறது, பழகிவிடும் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். ஊரும் அதைத்தான் சொன்னது. பழகிவிடும். எதைப் பழகாதவர்கள் நாம்.

அவன் பழகவில்லை. தூக்கம் அவனை விட்டுப் போயிருந்தது. பிரமசக்தி ஊருக்குள் இருந்த பழைய வீட்டுக்கே அவனைக் கொண்டுவந்து, தன் சேலை ஒன்றை உத்தரத்தில் தொட்டிலாகக் கட்டி, அந்த ஆளை அதில் போட்டு ஆட்டினாள், ஆட்டுகிறவரை உறங்கினான், கை நின்றதும் நீரில் முங்கினவன் மாதிரித் திணறிக்கொண்டு விழித்தான். அதையும் ஊர் ஏற்றுக்கொண்டது. முறை வைத்துக்கொண்டு பெண்கள் வந்து தொட்டிலை ஆட்டிவிட்டுப் போனார்கள், வரும்போது கீரை ஆயவும் பூ கட்டவும் கொண்டுவந்தார்கள், ஒரு கை தொட்டிலில், பேச்சு ஊர்க்கதையில். பிறகு ஒருத்திக்கு மகள் பிரசவம், இன்னொருத்திக்கு நூறு நாள் வேலை, வேறொருத்திக்கு இடுப்பு வலி. யாரையும் குறை சொல்ல முடியாது. ஒவ்வொருவராக நின்றுபோய், கடைசியில் அவள் ஒருத்தி மிஞ்சினாள். சோற்றை இடது கையால் கிண்டிக்கொண்டு வலது கையால் ஆட்டினாள், வலது கை மரத்துப்போனால் கயிற்றைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு ஆட்டினாள், உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிடுவாள், அவன் திணறுகிற சத்தத்தில் எழுந்து மறுபடி ஆட்டுவாள். அவன் இளைத்துக்கொண்டே வந்தான். சேலையின் கனம் நாளுக்கு நாள் குறைந்துவருவது அவள் கைக்குத் தெரிந்தது, கயிற்றின் கனம் பார்த்தே மனுஷனைப் படித்த கை அல்லவா அது.

வியாகப்பன் மறுபடி பழைய தூரத்துக்கே தள்ளிவிட்டிருந்த வெறும் சுவர் மேலே ஆடிக்கொண்டுதான் இருந்தது. அதன் நிழல் அவர்கள் வாசலையும் தொட்டுத் தொட்டுப் போகும். அவன் ஒருநாளும் வாய்திறந்து கேட்கவில்லை, நிழல் வருகிற நேரத்தில் மட்டும் அவன் கண்கள் அதன் கூடவே போய்விட்டு வந்தன. அதைப் பார்க்காதவள் போல அவள் இருந்தாள். தன்னால் முடிந்தவரை பார்க்காமல் இருந்தாள்.

ஆனி பிறந்து முதல் காற்று வந்த அன்று மத்தியானம், அவன் தொட்டிலிலிருந்து கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தான். பிடியில் பலமே இல்லை.

"பிரமு, கை வலிக்குதா?"

"இல்ல."

"பொய் சொல்லாதட்டி." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "என்னய அங்கனயே கொண்டு விட்டுரு. ஒனக்கும் ஒறக்கம் கெடைக்கும்."

"எனக்கு ஒறக்கம் வேண்டாம். நீங்க இங்க இருங்க."

"இருக்கத்தான் பாக்கேன். முடியல பிரமு."

அவனைக் கொண்டுவருவதற்கு அவள் என்னென்ன பாடுபட்டாள் என்று அவனுக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு நாள் கேட்காமல் இருந்திருக்கிறான் என்பது அவளுக்கு அப்போது புரிந்தது. கோபம் வந்தது. அவன் மேலா, சுவர் மேலா, காற்றின் மேலா, யார் மேல் என்று தெரியாத கோபம், போட்டு உடைக்க வீட்டில் ஒன்றுமில்லாத கோபம். ஆத்திரம் தீரத் தொட்டிலை வேகமாக ஆட்டினாள், அந்த வேகம் அவனுக்கு இதமாக இருந்ததோ என்னவோ உறங்கிவிட்டான். மாலைவரை ஆட்டிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரியை ஒரு நிமிஷம் பிடிக்கச் சொல்லிவிட்டு, அவள் வியாகப்பனைத் தேடிப் போனாள்.

காற்று எழுந்துவிட்டது, கவனமாக இருக்க வேண்டும் என்று மட்டும் அவர் சொன்னார். மறுநாள் காலையில் அவள் அவனை முதுகில் சுமந்துகொண்டு ஐந்து மாடி ஏறினாள். வழியில் இரண்டு இடத்தில்தான் இறக்கி வைத்தாள், அவ்வளவு லேசாகப் போயிருந்தான். திறந்துகிடந்த பக்கத்தில் காற்று உள்ளே வந்து சுற்றிக்கொண்டிருந்தது. சுவர் முன்போலவே கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்தது. கீழே கிதியோன் கடையில் எல்லோரும் டீ கிளாஸோடு எழுந்து நின்று பார்த்தார்கள்.

சுவர் வந்து பொருந்தியதும் அவள் அவனை இடுப்போடு அணைத்துத் தூக்கி ஜன்னலில் உட்காரவைத்தாள். பழைய இடத்தில் உடம்பு தானாகப் போய்ப் பதிந்துகொண்டது. கையை எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது, எடுப்பதற்குள் சுவரே நகர்ந்து அவள் கையிலிருந்து அவனை எடுத்துக்கொண்டது.

அது சாலைக்கு மேலே போயிற்று, தோப்புக்கு மேலே போய் ஒரு கணம் நின்றது. ஒருவேளை பயந்துவிடுவான், ஒருவேளை இங்கேயே இருக்கிறேன் என்று கையை நீட்டுவான், நீட்டினால் இந்தத் தடவை எலும்பு முறிந்தாலும் இழுத்துப்போட்டுக்கொள்ள வேண்டும் என்று அவள் விளிம்பில் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றாள். சுவர் திரும்பி வந்து, அவளுக்கு முன்னால் ஒரு மூச்சு நேரம் நின்றது. சொரிமுத்து ஜன்னல் ஓரத்தில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்தபடி, நல்ல தூக்கத்தில் இருந்தான். அவன் வேட்டி நுனி காற்றில் பறந்துகொண்டிருந்தது. அவள் நீட்டிய கைகளால் அதைப் பிடித்து அவன் காலுக்கடியில் செருகிவிட்டாள்.